பேட்டரியைத் திருப்பி வாங்குவது யார்?

 

ஐக்யூப் மின்ஸ்கூட்டர் நம் ஓசூரில் பிறக்கிறது. ஏத்தரும் நம் ஊரில் பிறக்கிறது. போச்சம்பள்ளி போனால் ஓலா. புகை கக்காத வண்டியை நாட்டுக்குத் தரும் மாவட்டம் என்று நாம் தாராளமாகப் பெருமைப்படலாம். பெருமைப்படுகிற நாம்தான் இந்தக் கேள்வியையும் முதலில் கேட்க வேண்டும்: இந்த வண்டிகளின் பேட்டரி ஓய்ந்த பிறகு எங்கே போகும்?

ஓய்ந்த பேட்டரி செத்த பேட்டரி அல்ல. அதன் கொள்ளளவு 70, 80 சதவீதத்துக்கு இறங்கினால் வண்டிக்குப் போதாது. சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கப் போதும். இதற்கு உதாரணம், ஜப்பானில் நமியே என்றொரு ஊர். 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் மக்கள் அத்தனை பேரும் வெளியேறிய ஊர். அங்கே 2018-இல் நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் ஓர் ஆலை திறந்தது. நிசானின் லீஃப் மின்காரின் பழைய பேட்டரியைப் பிரித்தால் உள்ளே 48 மாட்யூல்கள். ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். முதல் தரம் மறுபடியும் காருக்கு. அடுத்தது ஃபோர்க்லிஃப்டுக்கும் மின்சேமிப்புக்கும்.

அந்த வேலையும் முடிந்தால்? மிச்ச மின்சாரத்தை வடித்து, பேட்டரியை அரைக்கிறார்கள். கிடைப்பது ஒரு கருப்புத் தூள். லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீசு, கிராஃபைட் எல்லாம் அதில் இருக்கின்றன. அமிலத்தில் கரைத்து உலோகங்களைத் தனித்தனியே பிரித்தால், புதிய பேட்டரிக்கு மூலப்பொருள் தயார்.

தோழர்களே, இதே பேட்டரி பழைய இரும்புக் கடையில் உளிக்கும் சுத்தியலுக்கும் சிக்கினால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் மின்சாரம் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற நச்சுவாயு கிளம்பும். அதைச் சுவாசிப்பவர் தினக்கூலிக்கு வந்த ஏழைத் தொழிலாளி. நம் காற்றைச் சுத்தமாக்க வந்த வண்டி அவர் நுரையீரலை அரிக்கலாமா?

சந்தை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகைப் பேட்டரியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. லாபம் குறைந்த அதைத் தேடி யார் வருவார்? அதனால்தான் சட்டம் வேண்டும். சட்டம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரட்டும் கடமையைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன. குப்பைமேட்டில் புதைக்கவும் எரிக்கவும் தடை. மின்வண்டிப் பேட்டரி என்றால், 2026-27 முதல் அதன் பொருள்களில் 90 சதவீதத்தை மீட்டாக வேண்டும்.

சட்டம் ஏட்டில் தூங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. ஷோரூமில் மைலேஜ் கேட்கிறோம், தவணை கேட்கிறோம். இனி இதையும் கேளுங்கள்: "பேட்டரி ஓய்ந்தால் யார் எடுத்துக்கொள்வார்? எங்கே கொடுக்க வேண்டும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பழைய பேட்டரியை ரசீது தராதவரிடம் கொடுக்காதீர்கள், எவ்வளவு பணம் தந்தாலும். வண்டி செய்யும் ஊர் இந்த வழக்கத்தைத் தொடங்கினால், வண்டி ஓட்டும் நாடு பின்தொடரும்.