ஸ்டீராய்டு மருந்தும் சர்க்கரை வியாதியும்

(மதுரையில் நடந்த கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பற்றி இன்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, மேடைப் பிரசாரகனுக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனும் அல்ல. புத்தகங்களைப் படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்ல வந்திருக்கிறேன். மருந்து எழுதிக் கொடுப்பது டாக்டர் வேலை. ஆனால் அந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் நாம். சர்க்கரை ஏறுவதும் நம்முடைய இரத்தத்தில்தான். ஆகவே அதைப்பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது நம்முடைய வேலையேயாகும். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள், அளந்து பாருங்கள், சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, ஸ்டீராய்டு என்றால் என்ன? நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு சிறுநீரகங்களின் மேலேயும் தொப்பி வைத்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி இருக்கின்றது. அவை கார்டிசால் என்னும் சரக்கை அன்றாடம் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், பட்டினி முதலிய நெருக்கடிகளில் உடம்பைத் தாங்கி நிறுத்துவது அதுதான். அதைப் போன்றதொரு சரக்கை வெளியிலிருந்து கொடுப்பதே நாம் இன்று பேசுகிற ஸ்டீராய்டு மருந்து. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்பவைகளெல்லாம் இந்த வகைதான்.

1948-ம் வருஷம் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பவர், எட்வர்டு கெண்டால் பிரித்தெடுத்த கார்டிசோன் என்னும் சரக்கை, முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். சில நாட்களுக்குள் அந்த அம்மாள் எழுந்து நடமாடினார். 1950-ல் அவ்விருவருக்கும் ரைக்ஸ்டைன் என்பவருக்கும் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. இதே காரியத்தை ஒரு சாமியார் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோயில் கட்டி, உண்டியல் வைத்து, கெடுதலைச் சொன்னவன் நாக்கு அழுகிவிடும் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் விஞ்ஞானிகள் அப்படிச் செய்யவில்லை. இந்த மருந்தால் முகம் உப்புகிறது, எலும்பு மெலிகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று அதன் கெடுதல்களையும் பின்னால் தாங்களே எழுதி வைத்தார்கள். அற்புதத்துக்கும் அறிவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்றைக்கு முடக்குவாதம், லூபஸ், கடுமையான ஆஸ்துமா, தோலில் கொப்புளம் கிளம்பும் நோய், சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய், தொழுநோயில் திடீரென்று ஏற்படும் நரம்பு வீக்கம், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக் கொண்டவர்கள் என்று இம்மருந்தால் உயிரும் உறுப்பும் தப்பிப் பிழைத்திருப்பவர்கள் அனேகர். அப்படிப்பட்ட மருந்து சர்க்கரையை ஏன் ஏற்றுகிறது?

நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக் கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே தண்ணீர் வருகிறது. மடை வழியே வயலுக்குப் போகிறது. இரத்தம் கண்மாய், சர்க்கரை தண்ணீர், தசைகள் வயல், கணையம் சுரக்கிற இன்சுலின்தான் மடை திறக்கிற ஆள். ஸ்டீராய்டு மூன்று காரியம் செய்கிறது. ஈரலைத் தூண்டிச் சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடச் செய்கிறது. மடை திறக்கிறவன் வந்தாலும் மடை சரியாகத் திறக்காதபடி செய்கிறது. அந்த ஆளையும் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவுக்கு வரவிடாமல் தடுக்கிறது. வரத்து அதிகம், மடையோ அடைப்பு. தண்ணீர் கரை தாண்டாமல் என்ன செய்யும்? இதில் தலைவிதி எங்கே இருக்கிறது? ஏழரைச் சனி எங்கே இருக்கிறது?

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெரும்பாலும் இம்மாத்திரையைக் காலை ஆகாரத்துக்குப் பிறகு சாப்பிடச் சொல்லுகிறார்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் அதன் வேகம் ஏறுகிறது. ஆகவே சர்க்கரை மத்தியானம் ஏற ஆரம்பித்து, பிற்பகலிலும் மாலையிலும் உச்சிக்குப் போய், இரவில் இறங்கி, விடியற்காலையில் சரியாக இருப்பதுபோலவே காட்டும். நம் ஜனங்களோ சர்க்கரை பார்ப்பதென்றால் விடிந்ததும் வெறும் வயிற்றில்தான் போவார்கள். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆஸ்துமாவுக்காக இம்மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். காலையில் பார்த்தால் 95 என்று வரும். "எனக்குச் சர்க்கரை இல்லை" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய், மத்தியானம் தட்டு நிறையச் சோறு சாப்பிடுவார். சாயந்திரம் 4 மணிக்கு அவர் இரத்தத்தில் 280 இருக்கும். பார்க்க ஆள் இருக்காது. தாகத்தை வெயில் என்பார். அடிக்கடி சிறுநீர் போவதை வயது என்பார். அசதியைக் கண்ணேறு என்பார். திருடன் பிற்பகலில் வருகிறான். நாம் விடியற்காலையில் காவல் காக்கிறோம்! இது புத்தியுள்ள காவலா?

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல சோதனைதான். ஆனால் ஸ்டீராய்டு ஆரம்பித்துச் சில வாரமே ஆகியிருந்தால், புதிதாக ஏறிய சர்க்கரையை அது முழுதும் காட்டாது. ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மருந்து ஆரம்பிக்கும் முன்பே ஒரு தடவை சர்க்கரை பார்த்துவிட வேண்டும். ஆரம்பித்த பிறகு, டாக்டர் சொல்லுகிற நாட்களில், மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப 200-க்கு மேல் காட்டினால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இராமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதி, மணி, எண், அன்று சாப்பிட்ட மாத்திரையின் அளவு ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். ஜாதகக் கட்டத்தை எழுதிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிற நமக்கு, இந்த நான்கு எண்களை எழுதுவது ஒரு கஷ்டமா?

அளக்காமல் விட்டதன் பலனை நாடே 2021-ல் பார்த்தது. 2020-ல் இங்கிலாந்தில் நடந்த பரிசோதனையில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் சாவை டெக்ஸாமெத்தசோன் குறைக்கிறது என்று கண்டார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். நம்மவர்களில் பலர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக் கொண்டார்கள். தேவையில்லாதவர்களும் சாப்பிட்டார்கள், தேவைக்கு மேலும் சாப்பிட்டார்கள், சர்க்கரையை அளக்காமலும் சாப்பிட்டார்கள். விளைவு என்ன? கறுப்புப் பூஞ்சை என்ற நோய் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் பிடித்தது. கண்ணையும் மேல்தாடையையும் பறிகொடுத்தவர்கள் பலர். உயிரை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். நம் மதுரையிலும் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பூஞ்சை காற்றிலும் மண்ணிலும் எப்பொழுதும் இருப்பதுதான். அதற்கு வாசலைத் திறந்துவிட்டவைகளில் முக்கியமானவை கட்டுக்கடங்காத சர்க்கரையும், கணக்கில்லாத ஸ்டீராய்டும் ஆகும்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் இந்தச் சனியன் பிடித்த மாத்திரையை இன்றே வீசிவிடுகிறேன்" என்று யாராவது எழுந்தால், அவரை இரு கையையும் பிடித்து உட்கார வையுங்கள். அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. வெளியிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், உடம்பின் சொந்தச் சுரப்பி "நமக்கு வேலை இல்லை" என்று தூங்கப் போய்விடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் சரக்கு இல்லை, வெளியேயும் இல்லை. வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம், சில சமயம் மரணம்! ஆகவே குறைப்பதாயிருந்தால் டாக்டர் சொல்லுகிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவன், இவ்வளவு அளவு" என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். நினைவு தப்பி விழுந்தாலும் அந்தச் சீட்டு உங்களுக்காகப் பேசும்.

சர்க்கரை ஏறினால் அதற்கு மருந்து இருக்கிறது. மாத்திரையில் அடங்குமானால் மாத்திரை, அடங்காவிட்டால் இன்சுலின். பிற்பகலில் ஏறுகிற சர்க்கரைக்குக் காலையிலேயே இன்சுலின் போடச் சொல்லுவதும் உண்டு. இன்சுலின் போட்டால் உயிர் போகும் என்பது வெறும் புரளி. 1922-ல் டொராண்டோ நகரில் முதன்முதல் அதைப் போட்டுக்கொண்ட 14 வயதுப் பையன் சாகக் கிடந்தவன், அதனால்தான் பிழைத்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது சர்க்கரை மருந்தையும் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடியும் அளக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இம்மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். சர்க்கரையால் கால் மரத்துப் போனவர் வெறுங்காலோடு பழனிக்கு நடப்பதும், பூக்குழி இறங்குவதும் என்ன ஆகும்? சுடுவது தெரியாது, முள் குத்துவது தெரியாது, புண் மட்டும் தெரியும், அதுவும் அழுகிய பிறகு. பக்தி உள்ளவர் பக்தியோடு இருக்கட்டும். செருப்பைக் கழற்றாமல் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

சாப்பாட்டிலும் ஏமாற்று உண்டு. வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டியும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் நல்லது என்கிறார்கள். இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கேழ்வரகுக் களியும் கூழும் அளவுக்கு மீறினால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். மத்தியானத்தில்தான் ஏறுகிறது என்று தெரிந்த பிறகு, மத்தியானச் சோற்றைக் குறைத்து, காய்கறி, பயறு, முட்டை, மீன் இவைகளைக் கூட்டுவதுதானே புத்தி? சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இதிலும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டவுடன் கட்டையைச் சாய்க்காமல் கால் மணி நேரம் நடக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்த பசிக்கெல்லாம் பலகாரம் கொடுக்காமலும் இருக்கலாம்.

மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் இரண்டே நாளில் பூரண குணம் என்று சொல்லிப் பெயரில்லாத பொடி விற்கிறவர்களைப் பற்றியும் எச்சரிக்கிறேன். மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டைக் கலந்து விற்ற பித்தலாட்டம் சோதனைச் சாலைகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. அப்படி ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் அதையும் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் நுரையீரலோடு நிற்பதால் சர்க்கரையை ஏற்றுவது மிகக் குறைவு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. லூபசும் முடக்குவாதமும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகின்றன. வீட்டில் ஆணுக்குச் சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் ஓடுகிறோம்; மருமகளுக்கு ஏறினால் "இவள் வந்த வேளை" என்கிறோம். முகம் உப்பியதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தப் பெண் வெட்கப்பட்டு மாத்திரையை ஒளித்து எறிந்தால், அவள் சாவுக்கு யார் பொறுப்பாளி? மருந்து செய்கிற வேலையை அவள் ராசி என்று சொல்லுவது மூடத்தனம் மட்டுமல்ல, கொடுமையுமாகும்.

கடைசியாக, பூசாரியை விட்டுவிட்டு டாக்டரைப் பூசாரியாக்கிக் கொள்ளாதீர்கள். சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருவது பகுத்தறிவாகாது. எத்தனை நாளைக்கு இந்த மருந்து? இதைவிடக் குறைந்த அளவோ, வேறு மருந்தோ உண்டா? எந்த மணிக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும்? கண்ணை எப்பொழுது சோதிக்க வேண்டும்? இந்த நான்கையும் மரியாதையாகக் கேளுங்கள். ஸ்டீராய்டு கண்புரையையும் கண் அழுத்தத்தையும் உண்டாக்கலாம். சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கலாம். ஆகவே கண் சோதனை அவசியம். காசில்லை என்று சும்மா இருக்க வேண்டியதில்லை. இங்கே அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்து வளர்ந்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கிராமங்களில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறது. அவர்கள் வரும்போது, "நான் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறேன்" என்று சொல்ல வேண்டியது மட்டும் உங்கள் கடமை.

ஆகவே தோழர்களே! மருந்தைக் கும்பிடவும் வேண்டாம். மருந்தைச் சபிக்கவும் வேண்டாம். பிற்பகலில் அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள், கேட்டு நடங்கள். இந்தக் கூட்டத்துக்கு வராத அண்டை வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள்.