முதலில் ஒரு வழக்கைப் படியுங்கள்

பட்டம் பெறும் பிள்ளைகளே, வேலை, சம்பளம் பற்றிப் புத்தி சொல்ல உங்கள் வீட்டில் மாமா, சித்தப்பா இருப்பார்கள். ஓய்வுபெற்ற நீதிபதியான நான் தத்துவம் படிப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் மாணவனாக இருந்தபோது கிடைத்தவை தடிதடியான தத்துவ வரலாறுகள். உலகத்துக்கு ஆதிப்பொருள் எது என்பதற்கு, கிரேக்கத் தத்துவஞானிகளில் தேலீஸ் தண்ணீர் என்றார், ஹெராக்ளிட்டஸ் நெருப்பு என்றார். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும் விளங்கவே இல்லை. செவிவழிச் சாட்சியத்தை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. நீங்களும் ஏற்காதீர்கள், மூலநூலையே கூண்டில் ஏற்றுங்கள்.

பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’வில் தொடங்கலாம். ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய சிறு நூல். கி.மு. 399, ஏதென்ஸ் நீதிமன்ற வாசல். கூலியாள் ஒருவன் குடிபோதையில் வீட்டு அடிமையைக் கொன்றுவிட்டான். யூதிஃப்ரோவின் தந்தை அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று கேட்டுவர ஆள் அனுப்புகிறார். ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் அவன் செத்துப்போகிறான். தந்தைமேல் கொலை வழக்குப் போட மகன் வந்து நிற்கிறான்! என்னிடம் வந்திருந்தால், இது கொலைதானா என்று முதலில் பார்த்திருப்பேன். அங்கே அவனைச் சந்திக்கும் தத்துவஞானி சாக்ரட்டீஸ் அந்தப் பக்கமே போகவில்லை. தந்தைமேல் வழக்குப் போடுவதுதான் புண்ணியம் என்கிறாயே, புண்ணியம் என்றால் என்ன என்று கேட்கிறார். தெய்வங்களுக்குப் பிடித்தது என்கிறான் மகன். பிடித்ததால் அது புண்ணியமா, புண்ணியமாக இருப்பதால் பிடித்ததா? திணறிப்போகிறான், கடைசியில் அவசர வேலை என்று நழுவிவிடுகிறான். தீர்ப்பே இல்லை. தீர்ப்பு எழுதியே பழகிய எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்தக் கேள்வி வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவையுங்கள். யூதிஃப்ரோவுக்கு வக்கீலாக நின்று ஒரு பக்கம் பதில் எழுதுங்கள். பிறகு மேலே படியுங்கள். சாக்ரட்டீஸ் அங்கே வந்ததே தன்மேல் உள்ள வழக்குக்காகத்தான். அந்த விசாரணை பிளேட்டோவின் ‘அப்பாலஜி’யில் இருக்கிறது. முப்பது வாக்கு மாறியிருந்தால் விடுதலை என்று அவரே கணக்குச் சொல்கிறார். அதை அடுத்துப் படியுங்கள்.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டின் 1781ஆம் ஆண்டுப் பெருநூலோடு முதல் வாரமே மல்லுக்கட்ட வேண்டாம். அதைச் சுருக்கி விளக்க அவரே 1783இல் இன்னொன்று எழுத வேண்டியிருந்தது! தமிழில் மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையையும் புரட்டுங்கள். வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளை நேரில் கண்டு, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள்.

வாதாட ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். உங்கள்மேல் வழக்குப் போடச் சொல்லித் தரவில்லை.