600 பேரை வைத்துக்கொண்டு என்ன சம்பாதிப்பது?



எதிரணியினர் ஒரு கணக்குச் சொன்னார்கள். யூடியூப் விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். ஆகவே 600 பேரை வைத்திருப்பவர் கைத்தொலைபேசியை மூடி வைத்துவிட்டுப் படுக்கலாம் என்றார்கள். கணக்கு சரி. முடிவுதான் கோணல்.

விளம்பரப் பணம் என்பது ஒரு வாசல். மற்ற வாசல்களைப் பாருங்கள்.

கிள்ளானில் ஓர் அம்மா தீபாவளிக்கு முறுக்கு சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகநூலில் அவரைத் தொடர்பவர்கள் 600 பேர். மாவு பிசைவதையும் எண்ணெய் காய்வதையும் படமெடுத்துப் போடுகிறார். அந்த 600 பேரில் 40 பேர் ஆளுக்கு இரண்டு டப்பா கேட்கிறார்கள். டப்பாவுக்கு 8 வெள்ளி மிஞ்சினாலும் கையில் 640 வெள்ளி. இதே 40 பேர் அவருடைய காணொளியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால், விளம்பரத்தில் ஒரு காசு வந்திருக்காது. டியூஷன் ஆசிரியருக்கும், ரவிக்கை தைப்பவருக்கும், மருதாணி போடுபவருக்கும் இதே கணக்குதான். பத்துக் கல் தொலைவுக்குள் இருக்கும் 300 பேர், எங்கோ இருக்கும் 30,000 பேரைவிட மேல்.

ஆனால் இந்த 600 பேர் யார்? அத்தை, பழைய தோட்டத்து அண்டை வீட்டார், கோயிலில் பார்ப்பவர்கள். அவர்கள் வாங்குவது முறுக்கை மட்டுமல்ல, ஆளை நம்பி வாங்குகிறார்கள். ஆபத்தும் அங்கேதான். கமிஷன் தருகிறோம், முகம் வெளுக்கும் இந்தக் கிரீமைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒருவர் வருவார். பாதரசம் கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சு பல முறை தடை செய்திருக்கிறது. இந்நாட்டில் விற்கும் அழகுப் பொருளுக்கு ‘நோட்’ என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். எண் இல்லையென்றால் கமிஷன் எவ்வளவானாலும் வேண்டாம். எண் இருந்தாலும் அமைச்சின் பட்டியலில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அத்தையின் முகத்தில் கொப்புளம் வந்தால், தீபாவளிக்கு முறுக்கும் விற்காது!

பணம் வாங்கிக்கொண்டு பேசினால், அதைப் படத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சொல்லாமல் மறைத்துப் பின்னால் தெரிய வந்தவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது சட்டம். இதில் நம்மவர்கள் ரொம்ப அலட்சியம். வியாபாரம் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். இணையத்தில் விற்றாலும் அது வியாபாரமே. சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. நான்கு டப்பா முறுக்கின் லாபம் முதல் கட்டணத்தைக் கட்டிவிடும்.

வருமான வரியும் அப்படியே. விளம்பரத்துக்குக் கூலியாகப் பணத்துக்குப் பதில் பொருள் கொடுத்தாலும், அதன் மதிப்பு வருமானம்தான். சம்பளத்தோடு வியாபார வருமானமும் சேர்ந்தால், ஏப்ரல் 30-க்குள் அனுப்பும் பி.இ. பாரம் போதாது. பி பாரம் நிரப்ப வேண்டும், அதற்குக் கெடு ஜூன் 30. மாவு, எண்ணெய், டப்பா வாங்கிய ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால் அந்தச் செலவைக் கழித்துக் காட்டலாம். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், ஆகவே டின் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.