விமானியின் பேரமும் மூட்டை தூக்குகிறவன் கூலியும்

(ஸ்ரீராம்புரம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் விமானியைப் பற்றி ஸ்ரீராம்புரத்துத் தமிழனுக்கு என்ன பேச்சு என்று அறிவிப்பைப் பார்த்ததுமே இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தேவனஹள்ளி விமான நிலையத்தில் மூட்டை ஏற்றவும், துப்புரவு செய்யவும், வண்டி ஓட்டவும் நம் தெருப் பிள்ளைகள் போகிறார்கள். காண்டிராக்ட் கூலி. விமானியின் கையையே கட்டிப்போட முடிகிறது என்றால் இந்தப் பிள்ளைகளின் கை என்னாகும்? அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

விமானியின் பலம் படிப்பில் இல்லை. அவர் வராவிட்டால் நாளைக் காலை விமானம் கிளம்பாது, அவர் இடத்தில் நிறுத்த வேறு ஆள் இல்லை, அதில்தான் இருக்கிறது. 2009-ல் ஜெட் ஏர்வேஸ் நிர்வாகம், சங்கம் அமைப்பதில் முன்நின்ற விமானிகளை வேலைநீக்கம் செய்தது. செப்டம்பரில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னார்கள். ஐந்து நாள்தான். நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறானது நம் பெங்களூரில் நடந்தது. 2003-ல் ஏர் டெக்கான் சிறிய ஏ.டி.ஆர். விமானங்களோடு இங்கிருந்து ஹூப்ளி போன்ற ஊர்களுக்குப் பறக்க ஆரம்பித்தது. பின்னால் அது கிங்ஃபிஷரின் கைக்குப் போனது. 2012 மார்ச் முதல் கிங்ஃபிஷரில் சம்பளம் பாக்கி. விமானிகள் பலமுறை வேலையை நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் நிர்வாகம் கொஞ்சம் கொடுத்து, மீதிக்குத் தேதி சொன்னது. அக்டோபரில் எஞ்சினியர்களும் விமானிகளும் சேர்ந்து நின்றபோது நிர்வாகம் கதவடைப்பு செய்தது. அக்டோபர் 20-ல் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. ஏழு மாதப் பாக்கிக்காரனின் வேலைநிறுத்தத்தைக் கண்டு, ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருக்கும் முதலாளி ஏன் பயப்படவேண்டும்? நாளைக்கும் விமானம் பறக்கவேண்டும் என்று முதலாளி ஆசைப்படும்வரைதான் நம் கையில் பிடி. முதல் மாதச் சம்பளம் தவறியபோதே எல்லாரும் சேர்ந்து நின்றிருக்கவேண்டும் என்பது என் கருத்து.

சரி, பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகலாமே என்பீர்கள். அதற்கும் பூட்டு உண்டு. சின்ன ஊர்களுக்கு ஏ.டி.ஆர். ஓட்டுகிறவர் அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு ஏர்பஸ் ஓட்ட முடியாது. தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சிச் செலவைக் கம்பெனி போட்டால் பாண்டு எழுதி வாங்கும். அதற்கு மேல் அரசாங்கத்தின் விதி: 2017 முதல் கேப்டன் விலக ஒரு வருட நோட்டீஸ், துணை விமானிக்கு ஆறு மாதம். ரயில்வேயில் குப்பை கொட்டும் நமக்கே இது அதிகப்படி. 2023-ல் ஆகாசா நிறுவனத்தின் 43 விமானிகள் நோட்டீஸ் காலம் முடியாமல் வெளியேறினார்கள் என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அங்கே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், வேலை ஒப்பந்தத்தில் தலையிட எங்களுக்கு அதிகாரமில்லை என்றது. நோட்டீஸ் காலத்தை விதித்தது யார்? அதே இயக்குநரகம்தான்!

ஓய்வு விஷயத்தையும் பாருங்கள். விமானிகள் சங்கத்தார் தில்லி உயர்நீதிமன்றம் வரை போய், வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று. இரவில் இறங்குவதற்கும் வரம்பு வந்தது. நாட்டில் பத்தில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோ, அதற்கு வேண்டிய ஆட்களைத் தயாராக வைத்துக்கொள்ளவில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. ஒருவரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை; ஓய்வு விதி ஒன்றே போதுமாயிருந்தது. அரசாங்கம் என்ன செய்தது? இரவு வேலை விதிகளிலிருந்து கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது.

ரயில்வேக்காரனுக்கு இதெல்லாம் புதிதல்ல. 2024 ஜூனில் தெற்கு ரயில்வே என்ஜின் ஓட்டுநர்கள் 46 மணி நேர வார ஓய்வு கேட்டு, தாங்களே ஓய்வெடுத்துப் போராடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சஸ்பென்ஷனும் மாற்றல் உத்தரவும்.

விமானிகளிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மூட்டை ஏற்றுகிறவன் கூலிக்காக அவர்கள் சங்கம் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவன் ஏற்றாமல் நின்றாலும் விமானம் நேரத்துக்குக் கிளம்பாது. ஆனால் அவன் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவான். நம் தெருவிலிருந்தே வருவான். முதலில் அதை நிறுத்தவேண்டும்.

விமான நிலைய வேலைக்குப் போகிறவர்கள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் ஆகியவற்றோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். கடிதமே தரவில்லை என்றால் காண்டிராக்டரின் பெயரையாவது எழுதிக் கொண்டுவாருங்கள்.