மஞ்சள் பலகையும் ஒரு நடையரும்

நம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில், அல்ப்ஸ் அடிவாரக் குன்றுகளில் நடக்கச் சொந்தக் கார் தேவையில்லை. மஞ்சள் நிறத் தபால் பஸ் கிராமத்தில் இறக்கிவிடும். அங்குள்ள மஞ்சள் வழிகாட்டிப் பலகை கிலோமீற்றர் சொல்லாது. நடக்கும் நேரத்தைச் சொல்லும். தூரத்தைக் காலால் அளக்கும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும்.

அக்குன்றுகளில் எனக்கு நினைவுக்கு வருபவர், 1917இல் ‘நடை’ என்ற கதையை வெளியிட்ட றொபேட் வால்சர். 1933இல் அப்பென்செல் பகுதியின் ஹெரிசாவ் மனநல இல்லத்துக்கு மாற்றப்பட்டபின் எழுதுவதை விட்டார்; நடப்பதை விடவில்லை. 1936 முதல் கார்ல் ஸேலிக் என்ற எழுத்தாளர் தேடிவந்து உடன் நடந்தார். பேசியவற்றைக் குறித்தும் வைத்தார். இல்லையேல் அந்த மௌன ஆண்டுகளில் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

1956 நத்தார் தினத்தன்று தனியே நடந்த வால்சர், பனியில் வீழ்ந்து இறந்தார். அதே குன்றுகளுக்கு இன்றும் போகலாம். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.