சம்பளத்தை வெட்டும்போது விமானியைக் கேட்டார்களா?



தேக்கா சந்தைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, விமானிகளுக்கு நியாயமான சம்பளம் கிடைக்கிறதா என்று யாராவது கேட்டால் பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிடுவார். நாடு நாடாகப் பறக்கிறார், நட்சத்திர ஹோட்டலில் தூங்குகிறார், கை நிறைய வாங்குகிறார், அவருக்கு என்ன குறைச்சல் என்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் கட்டுமான ஊழியரிடம் போய், விமானிக்கு அநியாயம் நடக்கிறது என்று சொன்னால், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் தப்பில்லை.

விமானி ஏழை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடலாம். ஆனால் கெட்ட காலம் வந்து அவருடைய சம்பளத்தில் கை வைக்கும்போது, அந்த முடிவை யார் எடுக்கிறார்கள்? சிங்கப்பூரில் விமானிகளின் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நின்றிருக்கிறது.

முதல் பெரிய மோதல் 1980இல். அப்போது சிங்கப்பூர் ஏர்லைன்சின் தலைவராக இருந்தவர் ஜே.ஒய். பிள்ளை. கூடுதல் ஊதியம் கேட்ட விமானிகள், விதிப்புத்தகத்தில் உள்ளபடி மட்டுமே வேலை செய்யத் தொடங்கினார்கள். விமானங்கள் தாமதமாயின. பிரதமர் லீ குவான் இயூ சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசினார். தேவைப்பட்டால் விமானங்களைத் தரையில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கவும் அவர் தயாராக இருந்தார். விமானிகள் பணிந்தார்கள். 1981இல் சங்க நிர்வாகிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பழைய சங்கத்தின் பதிவு ரத்தானது. பிறகு வந்ததுதான் ஆல்பா-எஸ் என்ற இப்போதைய சங்கம்.

இதைவிடச் சிக்கலானது 2003இல் நடந்தது. அந்த ஆண்டு சார்ஸ் கிருமி சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றியது. 33 பேர் இறந்தார்கள். சாங்கி விமான நிலையம் வெறிச்சோடியது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 312 மில்லியன் வெள்ளி நட்டம். காலாண்டுக் கணக்கில் அதற்கு முன் நட்டத்தையே பார்க்காத நிறுவனம் அது. 596 பேர் ஆள்குறைப்பு செய்யப்பட்டார்கள். அவர்களில் 26 பேர் விமானிகள். எஞ்சிய விமானிகளுக்குச் சம்பள வெட்டு. கேப்டன்களுக்கு அது 16.5 விழுக்காடு வரை போனது. சங்கம் கையெழுத்திட்டது. லாபம் திரும்பினால் வெட்டியதை ஈடுகட்டும் ஏற்பாடும் உடன்பாட்டில் இருந்தது.

அடுத்த காலாண்டின் கணக்கு வெளிவந்தது. லாபம் 306 மில்லியன் வெள்ளி!

கசப்பு மருந்தைப் பாதி குடித்திருக்கும்போதே காய்ச்சல் போய்விட்டது என்றால், மீதியை யார்தான் முகம் சுளிக்காமல் குடிப்பார்? நிர்வாகத்தின் மீது இருந்த கோபம் சொந்தச் சங்கத் தலைவர்கள் மீது திரும்பியது. அவசரப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, 2003 நவம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்து அவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

அப்போது மூத்த அமைச்சராக இருந்த லீ குவான் இயூ மீண்டும் தலையிட்டார். மோதலை வளரவிட முடியாது என்று கடுமையாகவே எச்சரித்தார். 2004இல் இரண்டு காரியங்கள் நடந்தன. தலைமையை இறக்கியதில் முன்னின்றவராகக் கருதப்பட்ட மலேசிய விமானி ஒருவர் நிரந்தரவாசத் தகுதியை இழந்தார். தொழிற்சங்கச் சட்டமும் திருத்தப்பட்டது. சங்கத் தலைவர்கள் செய்யும் உடன்பாட்டை உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் போனது.

அரசாங்கத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்நாட்டுப் பயணமே இல்லாத தீவு இது. விமானங்கள் நின்றால் ஹோட்டல் முதல் லிட்டில் இந்தியா நகைக்கடை வரை அடி விழும். ஆயினும் சட்டத் திருத்தம் கொஞ்சம் கூடுதலாகவே போய்விட்டது. வெட்டிய சம்பளத்தைப் பிறகு கொடுத்து ஈடு செய்யலாம். தன் சம்பளத்தைக் குறைக்கும் காகிதத்துக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வாக்குக்கு ஈடாக எதைக் கொடுப்பது?

பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகட்டுமே என்று கேட்கலாம். கணக்கரும் சமையற்காரரும் போகலாம். விமானிக்கு அது அவ்வளவு லேசில்லை. ஒரு ரக விமானத்துக்குப் பெற்ற தகுதியை வைத்துக்கொண்டு இன்னொரு ரகத்தை உடனே ஓட்ட முடியாது. மறுபடி பயிற்சி வேண்டும். மூப்புநிலை நிறுவனத்தோடு முடிந்துவிடும். இங்கே கேப்டனாக இருந்தவர் அங்கே துணை விமானியாகத் தொடங்க நேரலாம். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஜெட்ஸ்டார் ஏஷியாவும் 2025 ஜூலை 31ஆம் தேதியுடன் மூடப்பட்டுவிட்டது. குடும்பத்தை வீவக வீட்டில் வைத்துக்கொண்டு இங்கிருந்தே பறக்க விரும்புபவருக்கு, சிங்கப்பூர் ஏர்லைன்சையும் அதன் ஸ்கூட்டையும் விட்டால் போக்கிடம் மிகக் குறைவு.

சம்பளத்தோடு ஓய்வையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். சாங்கியிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் போகும் விமானத்தில், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கவேண்டும் என்பதால், நான்கு விமானிகள் முறைவைத்துத் தூங்குவார்கள். சென்னைக்குப் போகும் இரவு விமானத்தில் அந்த வசதி கிடையாது. இருவர்தான்.

இந்தியாவில் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து விதி வந்தது. விதி வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தும், 2025 டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்திடம் போதிய விமானிகள் இல்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கல்யாண வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் பெட்டியோடு விமான நிலையத் தரையில் கிடந்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? விதியிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு! நிறுவனம் திட்டமிடத் தவறியதற்கு விமானியின் தூக்கத்திலிருந்து கடன் வாங்கினார்கள்.

மறுபடி சிங்கப்பூருக்கு வருவோம். 2020இல் வந்த கொவிட்-19க்கு முன்னால் சார்ஸ் சின்னக் காய்ச்சல். மார்ச் மாதத்திலேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 96 விழுக்காட்டுச் சேவையை நிறுத்தியது. தெமாசெக்கின் ஆதரவோடு பங்குதாரர்களிடமிருந்து 8.8 பில்லியன் வெள்ளி திரட்டியது. செப்டம்பரில் சுமார் 4,300 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. நேரடியாக வேலை இழந்தவர்கள் ஏறத்தாழ 2,400 பேர். ஆள்குறைப்பைத் தடுக்க, விமானிகள் சங்கம் இன்னும் ஆழமான சம்பள வெட்டுக்கு இணங்கியது. இந்த முறை தெருச்சண்டை இல்லை, தலைவர்களை யாரும் இறக்கவும் இல்லை. அந்த நிதியாண்டில் நட்டம் 4.27 பில்லியன் என்றால், எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

2023 - 24 நிதியாண்டில் 2.67 பில்லியன் வெள்ளி லாபம் வந்தது. ஊழியர்களுக்கு ஏறத்தாழ எட்டு மாத போனஸ். பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. கோப்பிக் கடைகளில் பொறாமைப் பெருமூச்சு எழுந்தது. சம்பள வெட்டைத் தாங்கிக்கொண்டு நிறுவனத்தோடு நின்ற விமானிகளுக்கு அது நியாயமான பலன்தான். 2020இல் அனுப்பப்பட்டு, திரும்ப வர வழியில்லாமல் போனவர்களுக்கு அதில் ஒரு நாள் சம்பளம்கூடக் கிடையாது.