நாலு மணிக்கு எங்கே போவது?

(ஜொகூர், குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நடைபெற்ற சங்கக் கிளைக் கூட்டத்தில், கிளைச் செயற்குழுவின் சார்பில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

"கெட்ட பழக்கங்களை விட்டு நல்ல பழக்கங்களை வளர்ப்பது எப்படி?" என்பது செயற்குழு நமக்குக் கொடுத்த தலைப்பு. தலைவர் அதை வாசித்து முடித்ததும் பின் வரிசையிலிருந்து இரண்டு தோழர்கள் மெல்ல எழுந்து வெளியே போனதைப் பார்த்தோம். அவர்கள் மேல் குற்றமில்லை. இந்தத் தலைப்பில் யார் பேச வந்தாலும் திட்டிவிட்டுத்தான் போகிறார்கள். நாமும் முன்பு திட்டியவர்கள்தாம். இன்று திட்டப் போவதில்லை, போனவர்களைக் கூப்பிடுங்கள்.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். செக்ரோலை வைத்திருக்கும் கிராணி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் தோட்டத்தின் நாடியைப் பார்த்துவிடலாம். சம்பளம் விழுந்த மறுநாள் பெரட்டில் எத்தனை பேர் குறைகிறார்கள், எத்தனை நிரை வெட்டாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தக் கட்டங்களில் இருக்கிறது. வரவில்லை என்று குறி போட்டுக்கொண்டே, "இந்த ஜனங்கள் என்றைக்குத் திருந்தும்?" என்று பெருமூச்சு விட்ட கிராணிமார்களில் நாங்களும் உண்டு. ஆனால் அதே சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு வராந்தாவில் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிக் குடித்தது என்ன? நாங்கள் குடித்தால் அதற்குப் பெயர் "பார்ட்டி". லயத்தில் குடித்தால் அதற்குப் பெயர் "குடி". ஒரே கள்ளுக்கு இரண்டு பெயர் வைத்தவர்கள் நாங்கள். அதனால் இந்த மேடையில் நின்று உபதேசம் செய்யும் தகுதி எங்களுக்கு இல்லை. பட்டறிந்ததைச் சொல்லத் தகுதி உண்டென்று நினைக்கிறோம்.

நம் முன்னோர் இந்தக் குடியைப் பேசாமல் சகித்துக்கொண்டவர்கள் அல்லர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும் நோய்க்கு வைத்தியமும் கேட்டார்கள். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். ஆம், எங்களைப் போன்ற கிராணிமாருக்கும் சேர்த்துத்தான் இறங்கினார்கள்! அதே கோரிக்கைகளுக்கு நடுவே, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. கூலி கேட்ட மூச்சிலேயே கள்ளுக்கடையை மூடச் சொன்ன தொழிலாளியை என்னவென்று சொல்வது? சம்பளத்தை இந்தக் கையில் கொடுத்து, அதே தோட்டத்து எல்லைக்குள் கள்ளுக்கடை வைத்து அந்தக் கையால் வாங்கிக்கொள்ளும் கணக்கு அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழும்பிற்று. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்ததற்காக 1947இல் அவர்கள் போலீசாரிடம் அடிபட்டார்கள். ஊரில், நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிய அந்தச் சேலம் ஜில்லாவில், 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கிற்று.

இவ்வளவும் பெருமைக்குரிய சரித்திரம். ஆனாலும் கடையை மூடுவது ஒரு வேலை, பழக்கத்தை மூடுவது வேறு வேலை. கள் போனால் புட்டி வருகிறது. புட்டியிலும் எது உள்ளே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குடித்த உழைப்பாளிகள்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். போன வருஷம் செயற்குழுவினராகிய நாங்கள் ஒரு காரியம் செய்தோம். கோயில் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, இனிக் குடிப்பதில்லை என்று இருபத்து மூன்று பேரிடம் சத்தியம் வாங்கினோம். கைதட்டினோம்; படம் எடுத்தோம். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் மரம் வெட்ட முடியவில்லை. லயத்தில் முடங்கிக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒன்பதாம் நாள் சத்தியத்தில் மிஞ்சி நின்றவர்கள் நான்கு பேர். எங்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த கூட்டத்தில் தவறியவர்களின் பெயரை வாசித்தோம். அதன் பலன் என்னவென்றால், அவர்கள் குடிப்பதை நிறுத்தவில்லை, கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். சந்தாவும் நின்றது.

பிறகு ஒரு தோழர் எங்கள் கண்ணைத் திறந்தார். அவர் பெயர் வேண்டாம்; முன் வரிசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறார். அவர் வருஷந்தோறும் தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதமிருந்து காவடி எடுப்பவர். அந்த 48 நாளும் சொட்டுக்கூடத் தொடமாட்டார். காவடி இறக்கிய வாரமே பழையபடி புட்டி. "48 நாள் முடிந்த உங்களுக்கு 49ஆம் நாள் ஏன் முடியவில்லை?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இது: "விரதத்துல நாலு மணிக்குக் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிருவேன். அங்க நாலு பேரு இருப்பாங்க. விரதம் முடிஞ்சா நாலு மணிக்கு எங்க போறது, ஐயா?"

தோழர்களே, அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. நம் வேலையின் அமைப்பையே அந்தக் கேள்வி பிட்டுவைத்துவிட்டது. வெயில் ஏறுவதற்கு முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். ஆகையால் கோழி கூவும்போதே எழுந்து காட்டுக்குப் போகிறோம். நடுப்பகலில் பாலைக் கொண்டுவந்து நிறுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணிக்கு விழிப்பு வருகிறது. உடம்பு வலிக்கிறது, இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தக் காலி மணியில்தான் புட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. (ஒரு வார்த்தை: இது ஆண்களுடைய நாலு மணி. அதே காட்டில் அதே நிரையை வெட்டிவிட்டு வந்த தாய்மார்களுக்கு அந்த மணியில் துணி துவைக்கவும் உலை வைக்கவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் வேண்டியிருக்கிறது. இதையும் ஆண்கள் யோசிக்கலாம்.)

பழக்கம் மனத்தில் இருப்பதைவிடக் கையிலும் காலிலும்தான் அதிகம் இருக்கிறது. புதிதாக வெட்ட வந்த பிள்ளை பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துகிறான். "ஆழமாக வெட்டாதே" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் கேட்காத கை, தினமும் அதே மரத்தில் அதே சாய்வில் வெட்டி வெட்டி, ஒருநாள் தானாகவே நூலளவு சீவக் கற்றுக்கொள்கிறது. பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெட்டினாலும் காயம் விழுவதில்லை. நாலு மணிக்குக் கடைப் பக்கம் திரும்பும் காலும் அப்படிப் பழகிய கால்தான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து இதைப் பரிசோதித்து 2010ஆம் ஆண்டு முடிவை அச்சிட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது போன்ற ஏதாவது ஒரு சிறு காரியத்தைத் தினமும் ஒரே சமயத்தில் செய்யச் சொன்னார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரி 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நம் பெரியவர்களின் ஒரு மண்டலத்துக்கு இன்னும் பதினெட்டு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்! அதில் இன்னொன்றும் கண்டார்கள். இடையில் ஒருநாள் தவறியதால் முயற்சி கெட்டுப்போகவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்களுக்குப் பழக்கம் படிந்தது. தவறிய ஒருநாளுக்காகப் பெயர் வாசித்து அவமானப்படுத்திய நாங்கள் எவ்வளவு பெரிய முட்டாள்கள் என்று இதைப் படித்தபோது உணர்ந்தோம்.

ஆகவே இந்த வருஷம் சத்தியம் வாங்கவில்லை. நாலு மணிக்குப் பெரட்டுத் திடலில் ஒரு பந்தைப் போட்டோம். அவ்வளவுதான். குடிப்பவர்கள் வரக்கூடாது என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தால் ஆட முடியாது என்று மட்டும் சொன்னோம். முதல் வாரம் பிள்ளைகள்தான் ஆடினார்கள். மூன்றாவது வாரம் காவடித் தோழர் வந்தார்; அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். சத்தியம் செய்த இருபத்து மூன்று பேரில் இப்போது ஒன்பது பேர் ஒழுங்காக வருகிறார்கள். அந்த ஒன்பது பேரும் குடியை அடியோடு விட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டோம். ஐந்து பேர் விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் சனிக்கிழமையில் வந்து நின்றிருக்கிறார்கள். செக்ரோலில் திங்கட்கிழமைக் கட்டங்கள் முன்னைவிட நிரம்பியிருக்கின்றன. கிராணிமார்களும் ஆட வருகிறோம். எங்கள் தொந்தியைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனிச் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். காலையில் ஒரு மடக்கு விட்டால்தான் கத்தி பிடிக்கும் கை நடுங்காமலிருக்கும் என்ற நிலைக்குப் போய்விட்ட தோழர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குப் பந்தும் பேச்சும் போதாது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒருவரை, நல்ல எண்ணத்தோடுதான், வீட்டில் அடைத்துப் புட்டியைப் பிடுங்கிக் காவல் வைத்தோம். மூன்றாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசினார். தோட்டத்து லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர் பிழைத்தார். டாக்டர் அவரைத் திட்டவில்லை, எங்களைத்தான் திட்டினார். நெடுநாள் அளவுமீறிக் குடித்த உடம்பில் குடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும். நடுக்கம் உள்ளவர்களை முதலில் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். துணைக்குச் செயற்குழுவிலிருந்து ஒருவர் வருவார். அன்றைய லீவு விஷயத்தை ஆபீசில் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

பணக் கணக்கு கிராணிக்கு விருப்பமான பாடம். ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறோம். நாளுக்குப் பத்து வெள்ளி என்றால் வருஷத்துக்கு 3,650 வெள்ளி. அந்தத் தொகையை வீட்டுக்குள் என்னென்னவாக மாற்றலாம் என்பதைத் தாய்மார்கள் நம்மைவிட வேகமாகக் கணக்குப் போட்டுவிட்டதை அவர்கள் முகமே சொல்கிறது. சம்பளம் வங்கியில் விழும் இந்தக் காலத்தில் ஒரு அம்மாள் செய்த ஏற்பாட்டைக் கேட்டு வியந்தோம். வங்கி அட்டை வீட்டுக்காரரிடம் இருக்கும். ரகசிய எண் அம்மாளுக்கு மட்டும் தெரியும். இருவரும் சேர்ந்து போனால்தான் பணம் வரும்! இது இருவரும் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

குடிக்காதவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். பால் டின்னைக் கவிழ்த்து ஊற்றிய டீயை நாளைக்கு ஐந்து கிளாஸ் குடிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நாங்களே முதலில் தூக்குகிறோம். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர். நம் இனத்தவரிடையே அது இன்னும் அதிகம். காட்டில் செருப்பில்லாமல் நடக்கும் சர்க்கரைக்காரரின் காலில் ஒரு முள் குத்தினால் என்ன ஆகும் என்பதை இத்தோட்டம் பார்த்திருக்கிறது. காலையில் பசியாறும்போது மட்டும் ஒரு கிளாஸ் 'தே ஓ கொசோங்' குடித்துப் பாருங்கள். முதல் வாரம் கஷாயம் குடிப்பதுபோல்தான் இருக்கும். எங்களுக்கு இன்று நாற்பத்தோராவது நாள். இன்னும் முகம் சுளிக்கத்தான் செய்கிறது.

இப்போது மழைக்காலம் வரப்போகிறது. போன வருஷம் நம்மைக் கவிழ்த்தது மழைதான். திடலில் தண்ணீர் நின்றால் ஆட்டம் நிற்கும், நாலு மணி மறுபடி காலியாகும். ஆகையால் மழை நாட்களில் பழைய பிள்ளைக்காப்பகக் கொட்டகையைத் திறந்துவைக்க நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார்கள், கடிதம் இன்னும் வரவில்லை. கேரம் போர்டு ஒன்று இருக்கிறது. பத்திரிகைகள் சங்கத்திலிருந்து வரும். கொட்டகைக் கூரையில் மூன்று தகரம் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏணியும் ஆணியும் கொண்டுவரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள். நாளைக்கு ஆட்டம் உண்டு. பந்தில் காற்றுக் குறைந்திருக்கிறது. யார் வீட்டிலாவது சைக்கிள் பம்பு இருந்தால் நாலு மணிக்கு எடுத்துவாருங்கள்.